கட் சொன்ன பிறகு

அத்தியாயம் பதினொன்று

அந்தச் சிரிப்பு விடிந்த பிறகும் கத்தரியின் காதை விட்டுப் போகவில்லை.

ஒற்றைச் சிரிப்பு. பெண் குரல். கடைசி வரிசையிலிருந்து வந்தது. நேற்று மாலை முன்னோட்டக் காட்சியில், படத்துக்கு உயிரே அதுதான் என்று எல்லோரும் நம்பியிருந்த இடத்தில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. டாக்டர் வெளியே வந்து, மகள் போய்விட்டாள் என்று சொல்கிறார். கதாநாயகன் தூணைப் பிடிக்கிறான். கண்ணை அகல விரிக்கிறான். உதட்டைத் துடிக்க விடுகிறான். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, பிறகு தூணோடு தூணாகச் சரிகிறான்.

க்ளுக்.

அவ்வளவுதான். அதற்காகவே காத்திருந்த மாதிரி அரங்கம் முழுக்கப் பற்றிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் பாவனை செய்து சிரித்தார். அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டால் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்த ஆளே கிடையாது.

கதாநாயகன் கத்தரியின் சொந்தத் தம்பி. படத்தை இயக்கியவர் அவள் கணவர். வெட்டி ஒட்டியவள் அவளே. குடும்பப் படம் என்றால் இதுதான் குடும்பப் படம் என்று யாரோ படியில் இறங்கும்போது சொன்னதும் அவள் காதில் விழுந்தது. எடிட்டருக்குக் காது கூர்மை. அதுதான் வினை.

கத்தரி என்பது தொழிலில் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது நேராகவே 'கத்தரி மேடம்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்.

அடுப்படி மேஜையில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆறிப்போன டீ. தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முதலாளி போன் பண்ணார்."

"என்ன சொல்றார்?"

"படம் நல்லா இருக்காம். உன் தம்பி இல்லாத இடமெல்லாம்."

"அவன் இல்லாத இடம் எது?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

மற்றதை அவர் தலையை நிமிர்த்தாமலே சொல்லி முடித்தார். படத்துக்குப் பணம் போடும் முதலாளி வேறொரு நடிகரிடம் பேசிவிட்டார். அந்த ஆளும் தயார். தம்பி வருகிற காட்சிகளை எல்லாம் புது ஆளை வைத்து மறுபடி எடுத்துவிடலாம் என்கிறார். இன்று மதியம் எடிட்டிங் அறைக்கு வருவார். அதற்குள் அவருக்குக் காட்ட ஏதாவது இருந்தால் பார்ப்பார். இல்லாவிட்டால் தம்பி இந்தப் படத்தில் கிடையாது.

"ஏதாவதுன்னா?"

"ஏதாவது. நீ கத்தரி இல்லையா, வெட்டு."

"வெட்டலாம். வெட்டினா மிச்சம் என்ன இருக்கும்? தூண்தான் இருக்கும்."

இயக்குநர் சிரிக்கவில்லை. டீயை எடுத்து, ஆறிவிட்டதைப் பார்த்து, அப்படியே குடித்தார்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய அலுப்பு. தம்பி சோம்பேறி இல்லை. திமிர் பிடித்தவன் இல்லை. வருஷக் கணக்கில் ஒரு டி.வி. தொடரில் நல்ல மாப்பிள்ளையாக நடித்தவன். தினமும் சாயங்காலம் தவறாமல் ஒருமுறை அழுதான். மாமியார் திட்டினால் அழுதான், மைத்துனன் ஏமாற்றினால் அழுதான், யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த நிம்மதியில் அழுதான். அழுகிற முகத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு இடி முழக்கம். தெருவில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் குனிந்து, 'மாப்ளே, அந்தப் பெரிய மைத்துனனை மட்டும் நம்பாதீங்க' என்று காதில் சொல்வார்.

சொந்த மாமாவின் படத்தில் கதாநாயகன் என்றதும் தொடரை விட்டு வந்தான். தொடர்க்காரர்கள் கதையில் அவனை வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பினார்கள். அந்த விமானம் தரை இறங்குவதற்குள் வீட்டில் வேறொரு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டான். இனி அங்கே திரும்பிப் போக வழியில்லை. இந்தப் படமும் போனால் அவனுக்கு எதுவும் இல்லை.

படப்பிடிப்பில் இயக்குநர் சொல்லாமல் இல்லை. 'கொஞ்சம் குறைச்சுக்கோ மச்சான்' என்று தினமும் சொன்னார். அவனும் குறைத்தான். கண்ணில் குறைத்தால் உதட்டில் வந்தது. உதட்டில் குறைத்தால் கையில் வந்தது. ஓட்டைக் குழாயை ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் கசிகிற மாதிரி. கூட நடித்த மற்றவர்கள் எல்லாம் வீட்டில் பேசுகிற மாதிரி பேச, இவன் மட்டும் நூலகத்தில் மைக் பிடித்தவனைப்போல் நின்றான்.

கத்தரி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அவன் எங்கே இருக்கான்?" என்றார் இயக்குநர்.

"வீட்லதான் இருப்பான். சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லியிருக்கேன்."

"அவ? மாத்திரை நேத்தும் வரலையே?"

மாத்திரை என்பது தம்பி மனைவி. மருந்துக்கடையில் வேலை. பேச்சில் கசப்பு, ஆனால் சொன்னால் வேலை செய்யும் என்று இயக்குநரே வைத்த பெயர். நேற்று தம்பிக்குப் பக்கத்து நாற்காலி கடைசி வரை காலியாகவே இருந்தது. கேட்டதற்கு 'கடையில ஆள் இல்லக்கா' என்றான். யோசித்துப் பார்த்தால் சில மாதமாகவே கடையில் ஆள் இல்லைதான்.

யோசித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

* * *

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர் மட்டும் உண்டு. நாற்காலியின் முதுகில் எப்போதும் ஒரு சால்வை தொங்கும். கத்தரி அதைப் போர்த்திக்கொண்டு, இரண்டு திரைகளையும் உயிர்ப்பித்து, வராந்தா காட்சியை எடுத்துப் போட்டாள்.

முதலில் தூணை எடுத்தாள். பிறகு உதட்டை. டாக்டர் முகத்தை நீட்டினாள். நர்ஸ் கதவைச் சாத்துவதைப் போட்டாள். தம்பியை முதுகுப்பக்கமாகவே வைத்துப் பார்த்தாள். முதுகு நன்றாகத்தான் நடித்தது. ஆனால் படம் முழுக்கக் கதாநாயகனின் முதுகை மட்டும் காட்டி எந்த ஊரில் ஓட்டுவது?

அலுத்துப்போய், டாக்டர் பேசி முடித்த பிறகு ஒரு மூச்சு இடைவெளி மட்டுமாவது கிடைக்குமா என்று அந்த ஷாட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

இங்கே ஒரு விஷயம். கேமரா, 'ஆக்‌ஷன்' என்று சொல்வதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும். 'கட்' என்று சொன்ன பிறகும் கொஞ்சம் ஓடும். முன்னால் இருப்பது தலை, பின்னால் இருப்பது வால். மீனைக் கழுவி நறுக்குகிற மாதிரி தலையையும் வாலையும் நறுக்கி எறிந்துவிட்டு, நடுத்துண்டைத்தான் எடிட்டர் முன்னால் வைப்பார்கள். எந்த எடிட்டரும் வாலைப் பார்ப்பதில்லை. கத்தரியும் பார்த்ததில்லை.

ஓரத்தை இழுத்ததும் வால் வந்தது.

கணவரின் குரல் 'கட்' என்றது. அந்த இரைச்சல் பிடிக்காமல் சத்தத்தை அணைத்தாள். திரையில் தம்பி தூணை விட்டான். நிமிர்ந்தான். முகத்திலிருந்து நடிப்பு, ஈரத்துணியை உதறியதுபோல, சட்டென்று போயிற்று. பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். உள்ளே வைத்தான். மறுபடி எடுத்துப் பார்த்தான்.

பிறகு கட்டை விரலால் போனின் கண்ணாடியைத் துடைத்தான். அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப.

யாரோ வந்து டீ கிளாஸை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டான். கொடுத்த ஆளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை.

அங்கே படம் நின்றது.

கேமராமேனுக்கு ஒரு பழக்கம். கட் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் கேமராவை நிறுத்துவார். சோம்பேறித்தனம் என்று இயக்குநர் அவரைத் திட்டாத நாளில்லை. அந்தச் சோம்பேறித்தனம் எல்லா ஷாட்டின் வாலிலும் இருக்கும்.

கத்தரி மறுபடி ஓட்டினாள். சின்ன வயதில் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தானே, அந்த முகம். மகளைப் பறிகொடுத்த ஒருவன் அப்படித்தான் இருப்பான். டீ கொடுத்தவரைப் பார்த்துச் சிரித்தான் பாருங்கள், அந்த ஒரு சிரிப்புக்கு ஆயிரம் தூண்களைக் கொடுக்கலாம்.

வெட்டினாள். டாக்டரின் முகம். அடுத்து பெஞ்ச், போன், விரல், டீ, சிரிப்பு. அழுகை இல்லை, வசனம் இல்லை, இடி முழக்கம் இல்லை.

பிறகு வெறி பிடித்தவள்போல எல்லா வாலையும் தலையையும் தோண்டினாள். ஆக்‌ஷனுக்குக் காத்திருக்கும் தம்பி. திட்டு வாங்கும் தம்பி. வெயிலில் குடைக்கடியில் நின்று எங்கோ பார்க்கும் தம்பி. நடிக்காத தம்பி எத்தனை பேர் இருந்தார்கள்! பேசுகிற இடங்களை எடுத்துவிட்டுக் கேட்கிற இடங்களை வைத்தாள். அவனுடைய வசனத்தில் பாதி போயிற்று. படத்தில் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்தான்.

அந்தப் போனில் என்ன பார்த்திருப்பான் என்று நடுவில் ஒருமுறை தோன்றியது. எடிட்டருக்கு முகம் போதும், காரணம் எதற்கு என்று அதையும் வெட்டி எறிந்தாள்.

* * *

முதலாளி வந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்தார். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கு உரிய பொறுமை அவர் முகத்தில் இருந்தது. இயக்குநர் சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு 'பரவாயில்லை' என்றார்.

வராந்தா காட்சி ஓடியது. பெஞ்ச் வந்தது. விரல் கண்ணாடியைத் துடைத்தது. டீ வந்தது.

முடிந்த பிறகும் முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"யாரும்மா இவன்?"

"என் தம்பிதான் சார்."

"இவனையா இத்தனை நாள் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

இயக்குநர் அப்போதுதான் உட்கார்ந்தார். முதலாளி இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறை பார்க்கும்போது, அவர் தன் மடியில் கிடந்த போனைத் தன்னை அறியாமல் தடவிக்கொண்டிருந்ததைக் கத்தரி கவனித்தாள்.

கிளம்பும்போது சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார். புது ஆள் வேண்டாம். தம்பியே இருக்கட்டும். ஆனால் அந்த பெஞ்ச் இருக்க வேண்டும். படம் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லையென்றால் பழைய பேச்சுதான். நாளைக் காலையில் இறுதிப் பிரதி தன் கைக்கு வர வேண்டும்.

அவர் போனதும் இயக்குநர் மனைவியின் தலையில் லேசாகக் கை வைத்தார். பல மாதமாக அவர் செய்யாத காரியம். "உன் தம்பி பிழைச்சான்" என்றார். "என்னையும் சேர்த்துப் பிழைக்க வெச்சுட்டே."

கத்தரி சால்வையைக் கழற்றிப் போட்டாள். குளிர் தெரியவில்லை.

* * *

தம்பி வருவது படியிலேயே கேட்டது. மாப்ளே, மாப்ளே என்று யாரோ கூப்பிட, இவன் நின்று ஒரு படத்துக்கு முகம் கொடுத்துவிட்டு ஏறி வந்தான். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை. உள்ளே வந்ததும் கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. நேற்றைய சிரிப்பு அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"மாமா கோவமா இருக்காராக்கா?"

"உட்காரு. முதல்ல இதைப் பார்."

பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கொடுத்தவளின் ஆசையோடு அவள் அவன் முகத்தையே பார்த்தாள். முதலில் குழப்பம்தான் வந்தது.

"நான் தூணைப் பிடிக்கிறது எங்கே?"

"பாரு."

பெஞ்ச் வந்தது. தம்பியின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது. போன் வெளியே வந்தது. விரல் நகர்ந்தது.

"நிறுத்துக்கா."

நிறுத்தினாள். நடிப்பைத் தூக்கிவிட்ட வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆறுதல் சொல்லப் போனாள். முதலாளி சொன்னதைச் சொன்னாள். யார் இவன் என்று கேட்டார் என்றாள். அவன் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"இது ஷாட் இல்லக்கா. கட் சொல்லியாச்சு."

"தெரியும். அதனாலதான் நல்லா இருக்கு."

"ஆக்‌ஷன்லேருந்து கட் வரைக்கும் உங்களுது. என்ன வேணா பண்ணிக்கோங்க. அதுக்கப்புறம் இருக்கறது என்னுது."

தொழிலுக்கு வந்த நாளாக யாரும் கத்தரியிடம் இப்படி ஒரு எல்லைக்கோடு போட்டதில்லை.

"அந்தப் போன்ல என்ன பார்த்தே?" என்று கேட்டாள்.

தம்பி போனை எடுத்துத் தேடி, அவளிடமே நீட்டினான். மாத்திரை அனுப்பிய மெசேஜ். அந்த வராந்தா காட்சி எடுத்த அதே நாள். 'சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்திருக்கிறேன். தேட வேண்டாம்.' அதற்குக் கீழே இவன் அனுப்பியவை வரிசையாக இருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை.

மாதக்கணக்காகக் கடையில் ஆள் இல்லாமல் இருந்ததன் அர்த்தம் இதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். படம் முடியட்டும் என்று இருந்தானாம். சண்டையா என்று கேட்டாள். சண்டை இருந்தால்தான் தேவலையே என்றான். மாத்திரை இப்போது கடைக்கு மேலே ஒரு அறையில், கூட வேலை செய்கிறவளோடு இருக்கிறாளாம். நேற்றுக் காட்சிக்கான பாஸைக் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தானாம்.

"என்னடா ஆச்சு உங்களுக்குள்ள?"

தம்பி எழுந்து கதவருகே போனான்.

"அவங்க அப்பா தவறினப்ப நான் அழுதேன்க்கா. நிஜமா அழுதேன். எனக்கு அவர்னா உசுரு, உனக்கே தெரியும். அவ என்னைத் தனியா கூப்பிட்டு, 'இது எத்தனாவது எபிசோடு?'ன்னு கேட்டா. கோவமாக்கூட இல்ல. அசதியா கேட்டா."

பேசும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். கண் அகல விரிந்தது. உதடு துடித்தது. முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது.

கூடப் பிறந்தவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை, இவன் அழுகிறானா, அழுதுகாட்டுகிறானா என்று.

அவள் முகத்தில் ஓடியதை அவன் பார்த்துவிட்டான். கையை நிலையிலிருந்து மெல்ல எடுத்தான்.

"பார்த்தியா, உனக்கும்தான்" என்றான். "எனக்கே சில சமயம் தெரியறதில்லக்கா. கை தானாப் போய் எதையாவது பிடிச்சுக்குது."

அந்த பெஞ்சை எடுத்துவிடச் சொன்னான். படம் வந்தால் மாத்திரை பார்ப்பாள். தான் போன நாளையும் இவன் விற்றுவிட்டான் என்று நினைப்பாள். எடுத்தால் முதலாளி என்ன செய்வார் என்பதைக் கத்தரி திரும்பச் சொன்னாள். புது ஆளைப் போட்டுக்கொள்ளட்டும் என்றான்.

"அப்ப நீ?"

"என் பிளேன் இன்னும் இறங்கலையே. அதுலயே சுத்திக்கிட்டு இருக்கேன்."

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"இதை அவகிட்ட கொண்டுபோய்க் காட்டிடாதேக்கா. பாருடி, எவ்வளவு உருகியிருக்கான்னு அவகிட்ட நிக்காதே. சத்தியமா சொல்லு."

சொன்னாள். அவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். படியில் யாரோ மறுபடியும் மாப்ளே என்றார்கள். இந்த முறை நின்ற சத்தம் கேட்கவில்லை.

கணவருக்குப் போன் செய்து சொன்னாள். அவனுக்காகத்தானே செய்கிறோம், அந்த பெஞ்சை எடுக்காதே என்றார். பிறகு, உன் இஷ்டம் என்றார். மனைவியிடம் உன் இஷ்டம் என்று சொல்கிறவர்கள் யாருடைய இஷ்டத்தைச் சொல்கிறார்கள் என்பது கத்தரிக்குத் தெரியும். போனை வைத்துவிட்டாள்.

திரையில் தம்பி டீ கிளாஸோடு உறைந்திருந்தான். வைத்தால் அவன் வேலை பிழைக்கும். எடுத்தால் அவன் மானம் பிழைக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நாளைக் காலையில் இடம் உண்டு.

அந்தத் துண்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

* * *

மருந்துக்கடையில் சாயங்காலக் கூட்டம். வெள்ளைக் கோட்டுப் போட்ட மாத்திரை, சீட்டைப் படித்து, அலமாரியில் கை வைத்து, எதிரே நிற்பவரிடம் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். கத்தரியைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த சீட்டை வாங்கியது.

கூட்டம் வடிந்த பிறகு கவுன்ட்டர் அருகே வந்தாள்.

"வாங்க அண்ணி. தலைவலியா?"

"அதுக்குக் குடுக்கற மருந்து உன் கடையில இல்ல."

மாத்திரை கண்ணாடி மேஜையில் இருந்த அட்டைகளை அடுக்கினாள். மெலிந்திருந்தாள். தம்பி வீட்டுப் பக்கம் போய் எத்தனை நாளாகிவிட்டது என்று கத்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. போனைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் அந்த பெஞ்ச் இருந்தது. சத்தியமும் இருந்தது.

"எனக்கு இன்னிக்குத்தான்மா தெரியும்."

"சொல்லியிருக்கலாம் நான். உங்ககிட்ட சொன்னா உங்களுக்கும் அலுப்பாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நேத்து நீ வந்திருக்கலாம்."

"வந்தேனே."

கத்தரி நிமிர்ந்தாள்.

"விளக்கு அணைச்ச பிறகு வந்தேன். கடைசி வரிசையில உட்கார்ந்தேன்." மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தினாள். "முதல்ல சிரிச்சது நான்தான் அண்ணி."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வேணும்னு சிரிக்கல. அந்தத் தூணைப் பிடிச்சார் பாருங்க, எங்க வீட்ல பீரோவைப் பிடிப்பார். நான் போறேன்னு சொன்ன அன்னிக்கும் பீரோவைத்தான் பிடிச்சார். தலையை இப்படி, அப்படி. எனக்கு அழுகை வரணும் இல்ல? அடுத்து இடி இடிக்கப் போகுதுன்னு தோணுச்சு. அன்னிக்குச் சிரிக்காம அடக்கி வெச்சது நேத்து இருட்டுல வெளிய வந்துடுச்சு. இவ்வளவு பேர் சேர்ந்துக்குவாங்கன்னு நினைக்கல." குரல் தாழ்ந்தது. "அதனால அவருக்கு ஏதாவது கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போனதைச் சொல்வதா, நல்லது நடந்ததைச் சொல்வதா, எதைச் சொன்னாலும் சத்தியம் உடையுமே என்று கத்தரி தவித்தாள். சுற்றி வளைத்தாள். ஷூட்டிங்கில் கட் சொன்ன பிறகு அவனைப் பார்த்தால் வேற ஆளா இருக்கான், என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாத்திரை சலிப்போடு சிரித்தாள்.

"நீங்க குடுத்து வெச்சவங்க. எங்க வீட்ல கட் சொல்ல யாரு இருக்கா? நான் இருக்கற வரைக்கும் கேமரா ஓடிக்கிட்டே இருக்கும். நான் பார்க்காதப்ப அவர் எப்படி இருப்பார்னு நான் எப்படிப் பார்க்கறது?"

அப்போது மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. கண்ணாடியில் பட்டு அந்த அதிர்வு கடை முழுக்கக் கேட்டது. திரையில் 'தம்பி' என்று ஒளிர்ந்தது.

கத்தரி எடுக்கக் கையை நீட்டினாள். மாத்திரையின் கை முந்திக்கொண்டது. எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை. காதில் வைத்துக்கொண்டாள்.

தம்பி பேசினான். அக்காவிடம் பேசுவதாக நினைத்துப் பேசினான். கத்தரிக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு முணுமுணுப்பு மட்டும், நடுநடுவே நின்று, திரும்பத் தொடங்கி, கேட்டது. பேசுகிறவனைப் பார்க்க வழியில்லாததால் அவள் கேட்கிறவளைப் பார்த்தாள்.

மாத்திரையின் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் சுருங்கியது, தெரியாத ஊரில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி. அவளுடைய இன்னொரு கையின் கட்டை விரல், கவுன்ட்டர் கண்ணாடியில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தது. அங்கே அழுக்கு எதுவும் இல்லை.

முணுமுணுப்பு நின்றது. அதற்கடுத்தது மட்டும் கத்தரிக்கும் கேட்டது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

மாத்திரை பதில் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மருந்து அலமாரிகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் மெல்லத் திரும்பி நடந்தாள். வெள்ளைக் கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது.

கையில் சீட்டோடு ஒருவர் வந்து கவுன்ட்டரில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்து, கூப்பிட வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கத்தரி. "உள்ளே பேசிக்கிட்டு இருக்காங்க."